துடிப்பை எண்ணி ஓடுவோம்

சென்ற மாதம் வாரக் கூட்டம் முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தம்பி என்னிடம் வந்தார். "அண்ணே, நானும் ஒரு வருசமா தினமும் ஓடுறேன். அன்னிக்கு எந்த லைட்டுக் கம்பத்துக்கிட்ட மூச்சு வாங்குச்சோ, இன்னிக்கும் அதே கம்பத்துக்கிட்டதான் வாங்குது. எனக்கு ஓட்டம் வராதா?" என்று கேட்டார்.

"எவ்ளோ வேகத்துல ஓடுறீங்க தம்பி?"

"முடிஞ்ச வேகத்துல."

கோளாறு அந்தப் பதிலில்தான் இருக்கிறது. நானும் அதே கோளாற்றில் ஏழு மாதம் கிடந்தவன். ஆகவே இந்த மாதப் பாடத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன். விநாடி முள் உள்ள ஒரு கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டே செய்து பார்க்கலாம்.

நான் ஓட ஆரம்பித்தது ஆசையால் அல்ல, பயத்தால். நான்கு வருடத்துக்கு முன் என் அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. வயது 41. லோரி ஓட்டுபவர். குடிப்பழக்கம் கிடையாது, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். நீலாயில் சரக்கை இறக்கிவிட்டு வண்டியில் ஏறப்போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரம்பான் ஆஸ்பத்திரியில் அவர் படுக்கை ஓரம் நின்றபோது எனக்கு 30 வயது, அப்பாவுக்கு 68. மந்தின் பக்கத்துத் தோட்டத்தில் 30 வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அப்பா. எங்கள் மூவரில் உருப்படியான இதயம் அவருடையதுதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2019இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் முதலிடத்தில் நாம். நீரிழிவு இருக்கும் வீட்டில் இதய நோயும் வாசலில் நிற்கும். நம் வட்டாரத்தில் 50 வயதுக்குள் போய்ச் சேர்ந்தவர்களின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்களும் போயிருப்பீர்கள்.

அண்ணன் வீட்டுக்கு வந்த மறுநாளே நான் சப்பாத்து வாங்கினேன். தமிழ்ப்பள்ளித் திடலைச் சுற்றி ஒவ்வொரு மாலையும் ஐந்து கிலோமீட்டர். எப்படி ஓடுவேன் என்றால், நாய் துரத்துவது போல. முடித்ததும் புல்லில் மல்லாந்து கிடப்பேன். அப்படிக் கிடந்தால்தான் பயிற்சி என்று நினைத்திருந்தேன். ஏழாம் மாதம் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் சேர்ந்தேன். ஏழாவது கிலோமீட்டரில் கண் இருட்டி, சாலையோரம் உட்கார்ந்து, வாந்தி எடுத்து, முதலுதவி வண்டியில் திரும்பி வந்தேன். வீட்டில் அண்ணி பேசியதை இங்கே எழுத முடியாது.

அந்த வாரம் எங்கள் தாமானிலேயே குடியிருக்கும் ஓய்வுபெற்ற தோட்டத்து டிரெஸ்ஸர் ஐயா என்னைத் திடலுக்குக் கூட்டிப்போனார். "ஓடுடா, பாப்போம்" என்றார். மூன்று சுற்று ஓடி வந்தேன். நின்ற உடனே மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "15 விநாடியில 44. நாலால பெருக்கு."

"176 ஐயா."

"நீ ஓடல தம்பி, உன்ன நீயே துரத்திக்கிட்டு இருக்க. நாளைக்கு 150ஐத் தாண்டாம ஓடு."

மறுநாள் 150ஐத் தாண்டாமல் ஓடிப் பார்த்தேன். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. கொஞ்சம் ஓடுவேன், எண்ணுவேன், 160 இருக்கும், நடப்பேன். ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆனது. திடலில் நடைப்பயிற்சிக்கு வரும் பாட்டிகள் இருவர் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்து, "கால்ல அடியாப்பா?" என்று கேட்டார்.

இந்த வெட்கத்தைத் தாங்குவதுதான் முதல் மூன்று மாதப் பயிற்சி. மற்றதெல்லாம் கணக்கு.

இனி கணக்கைப் பார்ப்போம். இதயம் ஒரு பம்பு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் 4.9 லிட்டர். அதே 5 லிட்டரை, துடிப்புக்கு 100 மில்லி தள்ளும் இதயம் 50 துடிப்பிலேயே முடித்துவிடும். பெரிய வாளிக்காரர் குறைந்த நடையில் வேலையை முடிப்பது மாதிரி. நீண்ட நேரம் மிதமாக ஓடும்போது இரத்தத்தின் அளவு கூடுகிறது, இடது கீழறை கொஞ்சம் விரிந்து ஒவ்வொரு தடவையும் அதிகம் நிரம்பக் கற்றுக்கொள்கிறது. கால் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. தசைச் செல்லுக்குள் கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்துச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கூடுகிறது.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். முடிந்த வேகத்தில் ஓடினால் 20 நிமிடத்தில் ஆள் முடிந்துவிடுவார். அடுத்த நாள் கால் வலி, அதற்கடுத்த நாள் சோம்பல். மெதுவாக ஓடுகிறவர் 45 நிமிடம் ஓடுவார், மறுநாளும் வருவார். அந்தத் தம்பிக்கு லைட்டுக் கம்பம் நகராததற்குக் காரணம் இதுதான்.

டிரெஸ்ஸர் ஐயா அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவின் கையையும் பிடித்துப் பார்த்தார். 54. எனக்கு உட்கார்ந்திருக்கும்போது 84. ஒரு நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள்: அப்பாவின் இதயம் 77,760 தடவை துடிக்கிறது, என்னுடையது 1,20,960 தடவை. மகன் இதயம் நாளுக்கு 43,200 தடவை கூடுதலாக வேலை செய்கிறது, அதுவும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. "எப்படிப்பா?" என்று கேட்டேன். "நாங்க எங்கடா ஓடுனோம்? நடந்தோம்" என்றார்.

நடந்தார்கள், உண்மைதான். விடியுமுன் பெரட்டு. பிறகு மேடும் பள்ளமுமான நிரையில் ஒரு நாளைக்கு 500 மரம் வரை. ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து, வெட்டி, அடுத்த மரம். வெயில் ஏறியதும் அதே வழியில் திரும்பவும் நடந்து பாலை வாளியில் சேர்த்து, தோளில் காண்டா போட்டு ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மூச்சு முட்ட ஓடவில்லை. ஆனால் மணிக்கணக்காக, மிதமான துடிப்பில், வாரத்துக்கு ஆறு நாள். இன்று விளையாட்டு விஞ்ஞானிகள் சொல்லும் அடித்தளப் பயிற்சி என்பது ஏறக்குறைய இதுதான்.

தோட்டத்து வாழ்க்கை ஆரோக்கியமானது என்று நான் சொல்ல வரவில்லை. கூலி போதாது, லயத்துக் கூரை ஒழுகும், சம்சு எத்தனையோ குடும்பத்தை அழித்தது. அதை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். நான் சொல்வது இதயத்தை மட்டும். அந்த உழைப்பை விட்டு நாம் லோரிக்கும் தொழிற்சாலைக்கும் கணினி மேசைக்கும் வந்துவிட்டோம், சாப்பாட்டை மட்டும் மரம் வெட்டிய அளவிலேயே வைத்துக்கொண்டோம்.

இதற்கு லண்டனில் ஒரு பழைய ஆதாரம் உண்டு. ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் அங்கே இரட்டை மாடிப் பேருந்தில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே பேருந்து, ஒரே நகரம். இதய நோய் கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. இதைப் படித்த அன்று எனக்கு லோரிப் படியில் உட்கார்ந்த அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

சரி, உங்களுக்கான எண் என்ன? முதலில் ஓய்வுத் துடிப்பு. காலையில் கண் விழித்ததும், எழுந்து கைப்பேசியைத் தேடும் முன், படுத்தபடியே எண்ணுங்கள். ஆள்காட்டி விரலும் நடு விரலும் மணிக்கட்டில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள பள்ளத்தில். கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், அதற்குச் சொந்தத் துடிப்பு உண்டு, குழப்பிவிடும். ஒரு நிமிடம் முழுக்க எண்ணி, மூன்று நாள் எடுத்து, நடுவில் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உச்சத் துடிப்பு. 220இல் வயதைக் கழி என்று ஜிம்மில் சுவரெல்லாம் ஒட்டியிருப்பார்கள். 1970களின் தொடக்கத்தில் சில ஆய்வுகளின் புள்ளிகளுக்கு நடுவே கோடு போட்டுப் பார்த்து வந்த எண் அது. கல்வெட்டு அல்ல. 2001இல் தனாக்கா குழுவினர் நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். 30 வயதுக்கு 187. இதுவும் சராசரிதான். ஒரே வயதுள்ள இருவருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடலாம், குறையலாம்.

இந்த இரண்டுக்கும் இடையில் உள்ளதுதான் உங்கள் கையிருப்பு. 1957இல் பின்லாந்தின் மார்த்தி கார்வோனனும் அவர் குழுவினரும் ஒரு சில இளைஞர்களை ஓடவைத்துப் பார்த்தார்கள். துடிப்பு இந்தக் கையிருப்பில் ஓரளவுக்கு மேல் ஏறாதவர்களுக்கு முன்னேற்றம் வரவில்லை என்று கண்டார்கள். அதாவது கடைக்கு நடந்து போகும் நடையும் போதாது. அவர் பெயரில் உள்ள கணக்கு இதுதான்: உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழியுங்கள், வருவதில் 60 முதல் 70 விழுக்காட்டை எடுங்கள், மறுபடியும் ஓய்வுத் துடிப்பைக் கூட்டுங்கள்.

என் அன்றைய கணக்கு: 187 கழித்தல் 84, கையிருப்பு 103. அதில் 60 விழுக்காடு 62, 70 விழுக்காடு 72. 84ஐக் கூட்டினால் 146 முதல் 156 வரை. டிரெஸ்ஸர் ஐயா பேப்பர் பேனா இல்லாமல் 150 என்று சொன்னது சரியாக அதற்குள் விழுந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள், உடல் எடை அதிகம் உள்ளவர்கள் 50 விழுக்காட்டில் ஆரம்பித்தாலும் பலன் உண்டு.

ஓடும்போது எண்ண முடியாது. நின்ற மறுகணமே எண்ண வேண்டும். துடிப்பு மளமளவென்று இறங்கிவிடும், அதனால் ஒரு நிமிடம் காத்திருந்தால் பொய்க் கணக்கு வரும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். கழுத்தில் பிடிப்பவர்கள் ஒரு பக்கம் மட்டும், லேசாக. அழுத்திப் பிடித்தால் துடிப்பே குறைந்து மயக்கம் வரலாம்.

எண்ணவே சலிப்பாக இருந்தால் இன்னொரு வழி. பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் சரி. பஜனைப் பாட்டு ஒன்றை ராகம் இழுத்துப் பாடவே முடிந்தால், கொஞ்சம் வேகம் கூட்டலாம். "ம்", "ஆமா", "அப்புறம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் குறையுங்கள். நம் குழுவில் கதை பேசிக்கொண்டே ஓடும் தங்கைகள் இருவர்தான் எல்லாரையும்விட ஒழுங்காக முன்னேறியிருக்கிறார்கள். பேசாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிய ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் முட்டி வலி என்று நின்றுவிட்டார்கள்.

கைக்கடிகாரம் காட்டும் எண்ணைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். பின்லாந்தில் 1977இல் தொடங்கிய போலார் நிறுவனம்தான் 1980களின் தொடக்கத்தில் கம்பியில்லாத் துடிப்புமானியைக் கடைக்குக் கொண்டுவந்தது. அது மார்பில் கட்டும் பட்டை. இதயத்தின் மின்துடிப்பையே அளக்கும், துல்லியமானது. இப்போது நாம் கட்டுவது பச்சை ஒளியைத் தோலுக்குள் அனுப்பி இரத்த ஓட்டத்தைக் கொண்டு ஊகிக்கும் வகை. வியர்வையில் வார் தளர்ந்தால், பச்சை குத்திய இடத்தில் கட்டினால் தவறும். சில நேரம் அது துடிப்பை விட்டுவிட்டுக் கால் அடிகளை எண்ணத் தொடங்கிவிடும். ஒரு தங்கை சிரித்துப் பேசிக்கொண்டு ஓடுகிறார், கடிகாரம் 172 காட்டுகிறது, விரலால் எண்ணினால் 140. சந்தேகம் வந்தால் விரலை நம்புங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு தனிக் குறிப்பு. குளிர்நாட்டுப் புத்தகத்தில் உள்ள வேகத்தை இங்கே எடுத்துவராதீர்கள். உடலைக் குளிரவைக்க இரத்தம் தோலுக்கும் போக வேண்டும், காலுக்கும் போக வேண்டும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் சொட்டும். தண்ணீர் குறையக் குறைய ஒவ்வொரு துடிப்பிலும் போகும் இரத்தமும் குறையும். அதனால் ஒரே வேகத்தில் ஓடினாலும் அரை மணி நேரத்தில் துடிப்பு பத்துப் பதினைந்து ஏறிவிடும். வேகத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், துடிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். மந்தினிலிருந்து சிரம்பானுக்கு ஏறும் பழைய வளைவுச் சாலை மாதிரி மேட்டில் நடந்தே போங்கள். புகைமூட்ட நாளில் வெளியே ஓடவே வேண்டாம்.

எப்போதும் மெதுவாகவே ஓடுவதா என்று கேட்பீர்கள். இல்லை. உலகத் தரத்து நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை நோர்வேயில் ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்கள் பயிற்சியில் சுமார் 80 விழுக்காடு எளிதான வேகத்தில்தான் நடக்கிறது என்று காட்டினார். மீதி 20 உண்மையிலேயே கடினமானது. நாம் செய்வது இரண்டும் இல்லாத நடுவேகம், தினமும். நான் பத்து வாரம் மெதுவாக ஓடிய பிறகு வாரத்தில் ஒரு நாள் மட்டும், மூன்று நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் நடை என்று நான்கு முறை சேர்த்தேன். நம் நாட்டுக்காக 5,000, 10,000 மீட்டரில் ஓடிய எம். இராமச்சந்திரன் 1990களில் வைத்த தேசியச் சாதனைகள் இருபது வருடத்துக்கு மேலும் முறியாமல் நின்றன. நம்மவர்களுக்கு நெடுந்தூரம் வராது என்று யாராவது சொன்னால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

எனக்கு என்ன ஆனது? எட்டு மாதம் கழித்து அதே 150 துடிப்பில் ஒரு கிலோமீட்டர் ஏழு நிமிடம் பத்து விநாடிக்கு வந்தது. ஓய்வுத் துடிப்பு 66. கையிருப்பு கூடியதால் என் கணக்கே மாறி, எல்லை 138 முதல் 150 ஆனது. துடிப்பு குறைந்தது, வேகம் கூடியது. பாட்டிகளை இப்போது நான் தாண்டுகிறேன், வணக்கம் சொல்லிவிட்டு.

காலைத் துடிப்பு இன்னொன்றுக்கும் உதவும். ஒரு நாள் காலையில் எனக்கு 66க்குப் பதில் 78. இரவு தூங்கித்தான் இருந்தேன். அலட்சியமாக ஓடப் போனேன், மறுநாள் காய்ச்சலில் படுத்தேன். வழக்கத்தைவிட எட்டு, பத்து கூடியிருந்தால் இப்போது சப்பாத்தையே தொடுவதில்லை. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து காவடி எடுக்கும் தம்பிகளும் இதைக் கவனிக்கலாம். விரதம் மனத்தைத் தயார்செய்யும். பத்துமலையின் 272 படிக்கு இதயத்தையும் தயார்செய்ய வேண்டும். இரண்டு மாதம் முன்பே வாரம் நாலு நாள் நடந்து பழகுங்கள். பசியோடும் தாகத்தோடும் முதல் தடவையாக ஏறும் நாள் அன்றாக இருக்கக் கூடாது.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்குக் கொடுத்திருக்கும் மாத்திரை துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும் வகை. அவருக்கு 208உம் செல்லாது, 220உம் செல்லாது. ஆஸ்பத்திரியில் நடக்கவைத்துச் சோதித்து 110ஐத் தாண்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால், ஆரம்பிக்கும் முன் கிளினிக்கில் காட்டுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ இறங்கும் வலி, மயக்கம், ஒழுங்கில்லாமல் தாவும் துடிப்பு, இதில் எது வந்தாலும் நின்றுவிடுங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அண்ணன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு திடலுக்கு வருகிறார். அப்பாவோடு சேர்ந்து நடக்கிறார். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை நின்று, மணிக்கட்டைப் பிடித்து, வாய்க்குள் எண்ணுவார். "104" என்று என்னைப் பார்த்துக் கத்துவார். அப்பா அவர் நிற்பதற்காக நிற்பதில்லை, நடந்துகொண்டே இருப்பார்.

நாங்கள் காலை 6.45க்கு ஆரம்பிக்கிறோம். வெறும் வயிற்றில் வர வேண்டாம், ஒரு பிசாங்காவது சாப்பிட்டு வாருங்கள். தண்ணீர் போத்தல், விநாடி முள் உள்ள கடிகாரம். லைட்டுக் கம்பத் தம்பி போன வாரம் வந்திருந்தார். முதல் சுற்றிலேயே 172. இரண்டாவது சுற்றை நடக்கச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் நடந்தார்.